ஸாஜிதாவின் கிணறும் நீல மூடியும்

பாலாவிச் சந்தியில் மெடம் தொடங்கிய ஜெயந்தன் புராணம் நுரைச்சோலை தாண்டியும் ஓயவில்லை. ஜெயந்தன் சொல்கிறானாம், கிணற்றைப் பார்க்க முன்னம் போத்தலைப் பார்க்க வேண்டுமாம். ஜெயந்தன் நேற்றே கற்பிட்டிக்குப் போய், கம்பஸில் படிக்கிற பொடியன் மாதிரி நடித்து, ஒப்பீஸ் அலுமாரியில் அடுக்கியிருந்த போத்தல்களை எல்லாம் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டானாம். கெட்டிக்காரப் பிள்ளையாம். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த ஹுனைஸுக்கு ஹோர்னை அமுக்கி அந்தப் பெயரை மூடிவிடலாம் போல இருந்தது. முன்னால் ஒரு மாடுகூட இல்லாத ரோட்டில் எதற்கு ஹோர்ன் என்று கேள்வி வரும் என்பதால் விட்டுவிட்டான்.

பின் சீட்டில் இருந்த மெடம்தான் அனஸ்தாசியா. சிலாபத்துக்காரி. ஒரு காப்புறுதிக் கம்பனியில் பொய் விபத்துகளை மோப்பம் பிடித்தே தலை நரைத்தவர். இப்போது புத்தளம் டவுனில் ஹாட்வெயார் கடைக்கு மேலே ஓர் அறை, ‘தனியார் விசாரணை’ என்று ஒரு பலகை. ஹுனைஸ் அவருக்குச் சாரதி, தூதுவன், பாதித் துப்பறிவாளன். வாய் மட்டும் முழு நேரம். முஸ்லிம்கள் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த வருஷம் புத்தளத்து அகதி முகாமில் பிறந்தவன். “கொட்டிலுக்குள்ள பிறந்ததால எனக்கு ஓட்டை எங்க இரிக்கெண்டு உடனே தெரியும் மெடம்” என்று அவன் சொன்ன அன்றுதான் அனஸ்தாசியா அவனை வேலைக்கு வைத்தார். அது பழைய கதை. போன மாதம் சட்டக் கோர்ஸும் லெப்டொப்புமாக ஜெயந்தன் வந்து சேர்ந்ததிலிருந்து ஹுனைஸின் பகிடிக்குச் சிரிக்கக்கூட மெடத்துக்கு நேரமில்லை. வயிறு எரிந்தது மனுஷனுக்கு. பச்சையாகச் சொன்னால் பொறாமை.

தலவில் சந்தியில் திருப்பச் சொன்னார் மெடம். வழக்குக்குப் போகும்போது அன்னம்மாள் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தாமல் அவர் கடக்க மாட்டார். அவர் உள்ளே போன கையோடு ஹுனைஸின் போன் அடித்தது. ஜெயந்தன்தான். மெடம் போனை எடுக்கவில்லை, ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள் ஹுனைஸ் நானா என்றான். நேற்று எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தானாம். எல்லாப் போத்தலுக்கும் வெள்ளை மூடி; ஸாஜிதா என்று பெயர் ஒட்டிய போத்தலுக்கு மாத்திரம் நீல மூடி. சும்மாவும் இருக்கலாம், ஆனாலும் சொல்லிவிடுங்கள் என்றான்.

ஹுனைஸ் ஓம் ஓம் என்றான். மெடம் வந்து ஏறினார். அவன் ஸ்டார்ட் பண்ணினான். சொல்லவில்லை.

சொல்லத்தான் வாயெடுத்தான், அல்லாஹ் அறிவான். ஆனால் சொன்னால் அடுத்த ஊர் வரை ‘கெட்டிக்காரப் பிள்ளை’யைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். ஒரு மூடியில் என்ன வந்துவிடப் போகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மெடம் மடியிலிருந்த பார்சலை அவிழ்த்து, ஜெயந்தனின் அம்மா தந்துவிட்ட மீன் கட்லட் என்று ஒன்றை முன்னால் நீட்டினார். கட்லட் என்றால் டயர் மாற்றும் கையாலும் வாங்கித் தின்கிற ஆள் ஹுனைஸ். இன்று நெஞ்செரிப்பு என்றான். அதுவும் ஒருவகையில் உண்மைதான். மெடம் கண்ணாடியில் அவனை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பார்சலைக் கட்டி வைத்தார்.

வழக்கு இதுதான். கற்பிட்டிப் பக்கத்து மணலுக்கு அடியில் நல்ல தண்ணி ஓர் ஆப்பம் மாதிரிக் கிடக்கிறது. நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெல்லிசு, அதற்குக் கீழே முழுக்க உப்பு. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் என்று மோட்டர் போட்டு இழுக்க இழுக்க ஓரத்திலிருந்து உப்பு ஏறுகிறது. தண்ணியையும் காப்பாற்றி, தோட்டம் செய்கிறவன் வயிற்றையும் காப்பாற்ற வழி என்ன என்று ஆராய ஒரு குழு வந்து கற்பிட்டிக் கோட்டைக்குப் பக்கத்தில் வீடு எடுத்திருக்கிறது. பொறுப்பு டிலுக்ஷி மிஸ். ஒரு கிணற்றைத் தெரிவு செய்து, அதற்குச் சூரிய மோட்டரும் சொட்டுக் குழாயும் போட்டு, ஊருக்குக் குடிதண்ணிக் குழாயும் வைத்து, கிணற்றுக்காரரையே பொறுப்பாக்குவது திட்டம். கண்டக்குழி ஸாஜிதாவின் கிணறு தெரிவாகியிருந்தது. அதற்குப் பிறகுதான் சனியன் பிடித்தது. கிணற்றுத் தண்ணி தித்திக்கிறது. அதே தண்ணி போத்தலில் ஒப்பீசுக்குப் போனால் உப்பு. வெள்ளிக்கு வெள்ளி போன போத்தல் எல்லாம் உப்பு. இன்றைய போத்தலும் அப்படியே வந்தால், பின்னேரம் டிலுக்ஷி கொழும்புக்கு அறிவித்து அந்தக் கிணற்றைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுவார். அடுத்ததாக இருப்பது பஸ்தியானின் கிணறு.

கண்டக்குழியில், மெடத்தை வரச் சொல்லியிருந்த ஸாஜிதா வேலிப் படலையடியிலேயே நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் ஜெமீல் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு போனவர். உள்ளே படுத்தபடி ஸலாம் சொன்னார். வெங்காயப் பாத்தி முழுக்க அவள் கையால் ஆனது. அழவில்லை, புலம்பவில்லை. பாஸ்போட் ஏஜன்சிக்காரனிடம் இருக்கிறது, குவைத்தில் ஒரு வீட்டு வேலை என்று நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“கிணறு நல்லதெண்டு வந்தா பாஸ்போட்டத் திருப்பி எடுத்துடுவன் மெடம். உப்பெண்டு வந்தா ஞாயித்துக்கிழமை ஏறணும். சின்னவளுக்கு இன்னும் சொல்லல்ல.”

சின்னவள் கிணற்றுக் கட்டின் மேல் இருந்தபடி பாடசாலைச் சப்பாத்தைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அனஸ்தாசியா பக்கத்தில் குந்தி, அவளிடம் சவுக்காரத்தைக் கேட்டு வாங்கிக் கை கழுவினார். நுரை மணிக்கட்டு வரை ஏறியது. பிறகு பாத்திக்கு இறங்கி வெங்காயத் தாள் ஒன்றின் நுனியைத் தடவிப் பார்த்தார். நுனி பச்சையாக, உயிரோடு இருந்தது.

“உப்புத் தண்ணியில சவுக்காரம் இப்படிச் சிரிக்காது. வெங்காயம் நுனி கருகிப் போயிருக்கும். கிணத்தில ஒண்டுமில்ல, ஹுனைஸ். கோளாறு வழியில.”

இதைத்தானே மிஸ்ஸுக்குச் சொல்லிச் சொல்லிக் களைத்தேன் என்றாள் ஸாஜிதா. கையில் கொண்டு திரியும் மீட்டர் பழுதாகிக் கொழும்புக்குப் போயிருக்கிறது, ஒப்பீஸ் மெசின் சொல்வதைத்தான் எழுதலாம், நாக்கைச் சாட்சிக்குக் கூப்பிட ஏலாது என்று டிலுக்ஷி மிஸ் கவலையோடு சொன்னாராம். அவரும் பாவம்தானாம். ஸாஜிதாவைக் கொழும்பில் பெரிய கூட்டமொன்றில் மேடையேற்றிப் பேச வைக்க இருந்தவர் அவர்.

போத்தல் எடுக்கிற சியாம் அப்போதுதான் வந்து இறங்கினான். அவனைக் கொண்டுவந்த ஆட்டோக்காரன் ஹுனைஸின் கூட்டாளி. ஏற்கெனவே பேசி வைத்தபடி, ஜும்மாவுக்கு நேரமாகிறது என்று இறக்கிய கையோடு திருப்பிக்கொண்டு போய்விட்டான். சியாம் முப்பதை நெருங்கியவன், இஸ்திரி போட்ட சேட், மரியாதையான முகம். அனஸ்தாசியாவை வெங்காயம் வாங்க வந்த சிலாபத்து அன்ரி என்று ஸாஜிதா அறிமுகம் செய்தாள். திரும்பிப் போக எங்கள் ஆட்டோ இருக்கிறதே என்று அன்ரி உபசாரம் செய்தார். அவனுக்கு மறுக்க வழியில்லை.

ஸாஜிதா வழமைபோலப் பிளேன்டீயும் ஒரு துண்டு தொதல் இனிப்பும் கொண்டுவந்தாள். சியாம் கையை நெஞ்சில் வைத்து, அக்கா முறையில் அவளைத் தாத்தா என்று விளித்து, நோன்பு என்றான். அவள் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டே, கொஞ்ச நாளாகத் தம்பி வாற நேரமெல்லாம் நோன்பு, முந்தி இந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் போன ஆளே இல்லை என்று குறையாகச் சொன்னாள். ஹுனைஸுக்குக் காதில் ஏதோ குத்தியது. அவனும் தொழுகிற ஆள்தானே. சுன்னத்து நோன்பு திங்களும் வியாழனும் பிடிப்பார்கள். வெள்ளிக்கிழமையைத் தனியே பிரித்து எடுத்து யார் நோன்பு பிடிக்கிறார்கள்?

சியாம் பெட்டியைத் திறந்து போத்தலை எடுத்தான். மூடி நீலம். ஸாஜிதா அதைப் பெருமையோடு மெடத்துக்குக் காட்டினாள். தெரிவான கிணறு என்றபடியால் தனக்கு மாத்திரம் நீலம் தந்திருக்கிறார்களாம். போத்தலைக் கிணற்றுத் தண்ணியால் அவள் கழுவிக் கழுவி ஊற்ற, மூடியைச் சியாம் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நின்றான். நிரப்பியதும் தானே இறுக்கிப் பூட்டி, பெட்டியில் படுக்க வைத்தான்.

அவ்வளவுதான், ஹுனைஸுக்குப் பொறுக்கவில்லை. மெடம் எப்படியும் அதைக் கண்டுவிடுவார், அல்லது இரவைக்கு ஜெயந்தன் சொல்லிவிடுவான். இரண்டுக்கும் முந்திக்கொண்டு ஆட்டோப் பக்கம் அவரை ஒதுக்கி, மூடியைக் கவனித்தீர்களா, பெட்டியிலிருக்கிற மற்றதெல்லாம் வெள்ளை என்று காதோடு சொன்னான். மெடம் அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

“இது உன்ட கண்ணா?”

“பின்ன யார்ட கண்ணு மெடம்?”

நல்ல கண் என்றார் அவர். இதைக் கேட்கத்தான் ஒரு மாதமாக அவன் ஏங்கினான். கேட்டதும் இனிக்கும் என்று நினைத்திருந்தான். இனிக்கவில்லை; மற்றவன் இலையில் கை வைத்த மாதிரி இருந்தது. போகட்டும், பிறகு பார்ப்போம் என்று பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தான். மெடம் ஏறி அதை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார், போத்தல் நின்றபடி வந்தது.

அடுத்தது பஸ்தியானின் வளவு. கடற்கரையில் கருவாட்டு வாடி வைத்திருக்கும் கட்டையான மனிதர். வாடியின் மூலையில் உப்பு மூடைகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. ஹுனைஸின் பார்வை அங்கேயே ஒட்டிக்கொண்டது. இவ்வளவு உப்பும் அடுத்த கிணறும் ஒரே ஆளிடம் இருந்தால் பொலிஸுக்கே வேலையில்லை என்று முணுமுணுத்தான். அனஸ்தாசியா பஸ்தியானிடம் சுற்றி வளைக்காமல், ஸாஜிதாவின் கிணறு விழுந்தால் உங்களுக்குத்தானே யோகம் என்று கேட்டார். பஸ்தியானுக்குக் கோபம் வந்தது.

“என்ன யோகம்? விடிஞ்சா ஊர் முழுக்க என்ட கேட்டில குடத்தோட நிக்கும். எனக்கு இருக்கிற கருவாட்டு வேலையே போதும். அது கிடக்கட்டும், இந்த வீட்டுக் குடிதண்ணியே ஸாஜிதாட கிணத்தால வாறது. என்ட கிணத்துத் தண்ணி உப்பில்லாட்டியும் கருவாட்டு மணம், அதில ஜூலியானா தேத்தண்ணி ஊத்தினா நானே குடிக்கமாட்டன்.”

ஜூலியானா குசினியிலிருந்து ஓம் ஓம் என்று ஆமோதித்தாள். ஹுனைஸின் பொலிஸ் கேஸ் அந்த இடத்திலேயே உயிர் போய் மௌத்தாகிவிட்டது.

இங்கே சியாம் போத்தலின் வெள்ளை மூடியைக் கழற்றிக் கிணற்றுக் கட்டில் போட்டான். காற்றுக்கு அது உருண்டு மணலில் விழுந்தது. அவன் அதைப் பொறுக்கி, வாளித் தண்ணியில் அலசி, சேட்டில் துடைத்துப் பூட்டினான். அனஸ்தாசியா ஹுனைஸைப் பார்த்தார். அவனுக்கும் பிடிபட்டது. ஒரு மூடி மணலில் விழலாம், தண்ணியில் கழுவலாம். மற்றது கையை விட்டு இறங்கக்கூடாது, நனையவும் கூடாது. என்ன சங்கதி?

கற்பிட்டி ரோட்டில் பாங்கு கேட்டது. பள்ளிவாசல் முன்னால் ஆட்டோவை நிறுத்தி, ஹுனைஸும் சியாமும் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். பெட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஆறுதலாகத் தொழுதுவிட்டு வாருங்கள் என்றார் சிலாபத்து அன்ரி. குத்பா பிரசங்கத்தில் பொறாமையைப் பற்றி எதுவும் வந்துவிடக்கூடாதே என்று ஹுனைஸ் பயந்துகொண்டே இருந்தான். நல்ல வேளை, டெங்கு நுளம்பைப் பற்றிப் பேசினார்கள். ஆனாலும் ஸுஜூதில் தலை வைத்த நேரம் ஸாஜிதாவின் சின்னவளும் அவளுடைய சப்பாத்தும்தான் கண்ணுக்குள் வந்தன. காலையிலேயே சொல்லியிருந்தால் ஒரு நாழிகை முந்தி அந்த வீட்டுக்கு நிம்மதி வந்திருக்காதா என்று மனம் அரித்தது.

தொழுதுவிட்டு வெளியே வந்தவன், சந்திக் கடையடியில் ஒரு காட்சியைக் கண்டு அப்படியே நின்றான். நோன்பாளி சியாம் ஒரு தண்ணிப் போத்தலை அண்ணாந்து மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தான். ஹுனைஸ் ஓடாத குறையாக மெடத்திடம் வந்தான்.

“உப்புத் திண்டவன் தண்ணி குடிப்பான் எண்டு சும்மாவா சொன்னாங்க. நோன்பு துறந்தாச்சு மெடம், ஜும்மாவோட.”

அவர் சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு அவனுடைய பகிடிக்குச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, நோன்பும் இல்லாத ஒருவன் ஒரு வீட்டுத் தேத்தண்ணியை மாத்திரம் ஏன் வேண்டாம் என்கிறான் என்று கேட்டார். ஹுனைஸுக்குப் பதில் தொண்டை வரை வந்தது. அந்த நேரம் அவன் கண், சீட்டில் கிடந்த கட்லட் பார்சலில் போய் விழுந்தது. தெரியாது மெடம் என்று சொல்லி ஸ்டார்ட் பண்ணினான்.

ஒப்பீஸ் பழைய ஓட்டு வீடு. டிலுக்ஷி மெலிந்த பெண். நித்திரை கெட்ட கண். சுவரில் ஒரு பெரிய படம்: ஸாஜிதாவும் அவரும் கிணற்றடியில் நின்று சிரிக்கிறார்கள். படத்தின் ஓரத்தில், போத்தல் ஒன்றைப் பிடித்தபடி யாருடையதோ ஒரு கை மட்டும் நீண்டு வந்திருந்தது. கைக்குரிய ஆளைப் படச் சட்டம் வெட்டிவிட்டிருந்தது. அனஸ்தாசியா அந்தப் படத்துக்கு முன்னால் கொஞ்சம் அதிகமாகவே நின்றார்.

சியாம் பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தான். திறந்தவன் அப்படியே விறைத்துப் போனான்.

“மிஸ், மூடி மாறியிருக்கு.”

ஸாஜிதா என்று பெயர் ஒட்டிய போத்தலில் வெள்ளை மூடி இருந்தது. பஸ்தியானின் போத்தலில் நீலம். அனஸ்தாசியா ‘தனியார் விசாரணை’ என்ற தன் கார்டை மேசையில் வைத்துவிட்டு, கதிரையை இழுத்து ஆறுதலாக இருந்தார்.

“நான்தான் மாத்தினன், நீங்க தொழுத நேரம். தண்ணி அந்தந்தப் போத்தல்ல அப்படியேதான் இருக்கு. பேரும் அப்படியேதான் இருக்கு. மூடி மாறினா உங்களுக்கென்ன சியாம்? மூடி மாறினா தண்ணி மாறுமா?”

சியாம் நீல மூடியை நோக்கிக் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டான். டிலுக்ஷிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சோதித்துப் பாருங்கள் மகள் என்று மெடம் சொன்னதும் மெசினைப் போட்டார். ஸாஜிதாவின் தண்ணி நல்ல தண்ணி. ஆரம்பத்தில், தெரிவாகிய காலத்தில் இருந்த அதே கணக்கு. இதுவரை ஒரு நாளும் உப்புக் காட்டாத பஸ்தியானின் போத்தல்தான் இன்று உப்பு. டிலுக்ஷி நம்பாமல் மறுபடியும் போட்டுப் பார்த்தார். மறுபடியும் அதுவே வந்தது.

ஹுனைஸ் ஆட்டோவின் ஸ்குரூட்ரைவரைக் கொண்டுவந்து, நீல மூடிக்குள் இருந்த ரப்பர் வட்டத்தை நெம்பி எடுத்தான். ரப்பர் முழுக்க ஊசித் துளை. அதற்கு அடியில், மூடியின் விளிம்போடு ஒட்டிக்கொண்டு ஈரமாக ஒரு வெள்ளைப் படை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

“புத்தளத்து உப்புதான் மிஸ். ஊர்ச் சரக்கு.”

வெள்ளை மூடிக்குள் ரப்பர் இல்லை, ஒளிக்க இடமில்லை, அதனால்தான் நீலம். ஒரு சிட்டிகை போதும். போத்தலைப் படுக்க வைத்து இந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் கொண்டுவந்தால், குலுங்கிக் குலுங்கி முழுவதும் கரைந்துவிடும். பள்ளிவாசல் வரை மெடம் நிமிர்த்திப் பிடித்து வந்ததால்தான் இன்று உப்பு மூடியிலேயே தங்கியிருந்தது. எப்படி என்பது தெரிந்துவிட்டது. ஏன் என்று டிலுக்ஷிதான் கேட்டார். பஸ்தியான் ஏதும் தந்தாரா, வேறு யாராவது சொல்லிச் செய்தாயா என்று கேட்டார். சியாம் இல்லையென்று தலையாட்டினான். சுவரிலிருந்த படத்தைக் காட்டினான்.

“அந்தக் கிணத்த உங்களுக்குக் காட்டினதே நான் மிஸ். மூணு வருஷம் வெயில்ல போத்தல் காவினது நான். படத்தில கை மட்டும்தான் இரிக்கி. கொழும்புக் கூட்டத்துக்கு வாங்க எண்டு நேத்து வந்த ஸாஜிதா தாத்தாவக் கூப்பிட்டீங்க. போத்தல் பெட்டியப் பத்திரமாத் தூக்கிட்டு வா எண்டு என்னக் கூப்பிட்டீங்க.”

டிலுக்ஷி கையை வாயில் வைத்துக்கொண்டார். அவர் அதை ஒரு நாளும் நினைத்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நினைக்காததுதான் அவர் செய்த பிழையும்கூட.

“கிணத்துக்குள்ளயே ஒரு மூடை போட்டிருக்க ஏலும்,” என்றான் சியாம் மெல்ல. “அது குடிக்கிற தண்ணி. அதில கை வைக்க மனம் வரல்ல. போத்தல்தானே, அவட பேர் கொஞ்சம் பின்னுக்குப் போனாப் போதும் எண்டு நினைச்சன்.”

அவட பேர் இல்லை, அவவே போகப் போகிறா என்று சொன்னான் ஹுனைஸ். பாஸ்போட், குவைத், ஞாயிற்றுக்கிழமை, இன்னும் சொல்லப்படாத சின்னவள், எல்லாவற்றையும் சொன்னான். அவனுக்கே தன் குரல் கடுமையாகக் கேட்டது. சியாமுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. மேசையில் கிடந்த நீல மூடியையே பார்த்தான். அவனைத் திட்டித் தீர்க்கத்தான் ஹுனைஸ் வந்தான். பார்க்கப் பார்க்க, கண்ணாடியில் தன்னையே பார்ப்பது மாதிரி இருந்தது. ஒரு மூடியில் என்ன வந்துவிடப் போகிறது என்று இவனும்தானே காலையில் நினைத்தான்?

டிலுக்ஷி முதலில் கொழும்புக்கு அறிவித்தார், பிறகு ஸாஜிதாவுக்கு போன் எடுத்தார்.  அந்தப் பக்கமிருந்து அல்ஹம்துலில்லாஹ் என்று ஒரு சொல் வந்தது. அதற்குப் பின்னால் சின்னவளைக் கூப்பிடும் சத்தம். சியாமை என்ன செய்வது என்று டிலுக்ஷி அனஸ்தாசியாவைப் பார்த்தார். வேலையைப் பற்றி நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும் என்றுவிட்டு, மெடம் சியாம் பக்கம் திரும்பினார்.

“முதல்ல கண்டக்குழிக்குப் போ. உன்ட வாயால அவவுக்குச் சொல்லு. சொன்ன பிறகும் அவ தேத்தண்ணி தந்தா, குடிச்சிட்டு வா.”

திரும்பும் வழியில் வெயில் தணிந்திருந்தது. வெங்காயத் தோட்டங்களுக்கு மேலாகக் கடற்காற்று வந்தது. ஒரு பெரிய வழக்கு முடிந்த நாளில் ஹுனைஸின் வாயைச் சாக்குப் போட்டுத்தான் கட்ட வேண்டும். இன்று அவன் தலவில் சந்தி வரை பேசவில்லை. சந்தியில் ஆட்டோவை ஓரம் கட்டி நிறுத்தினான். திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

“அந்த மூடி என்ட கண் இல்ல மெடம். காலையில ஜெயந்தன் கோல் எடுத்துச் சொன்னது. நான் உங்களுக்குச் சொல்லல்ல. பிறகு என்ட எண்டு சொல்லிட்டன்.”

“தெரியும்.”

அவன் திரும்பினான். மெடம் பைக்குள்ளிருந்து போனை எடுத்துக் காட்டினார். நீ ஓம் ஓம் என்ற மாதிரியில் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை போல, எனக்கும் எழுதியிருந்தான், கோயில் வாசலிலேயே பார்த்துவிட்டேன் என்றார். அப்படியென்றால் அங்கேயே ஏன் கேட்கவில்லை என்று ஹுனைஸ் கேட்டான். அவனுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

“கேக்கத்தான் இருந்தன். நீ கட்லட் வேண்டாம் எண்டாய். நெஞ்செரிப்பு எண்டாய். ஒரு ஆளுக்கு மனசால கெடுதல் செஞ்சா அந்த ஆள்ட வீட்டுச் சாப்பாடு தொண்டையால இறங்காது, நல்ல மனுசனா இருந்தா. பிறகு ஸாஜிதா வீட்டில சியாம் நோன்பு எண்டு கை வச்சான். அந்த முகத்த நான் காலையிலயே பாத்திட்டன், உன்ட கண்ணாடியில.”

அவர் பார்சலை மடியில் எடுத்து வைத்தார்.

“உப்பு எப்படி வந்ததெண்டு ஜெயந்தன் கண்டுபிடிச்சான். ஏன் வந்ததெண்டு நீதான் காட்டித் தந்தாய். எனக்கு ரெண்டு பேரும் வேணும், ஹுனைஸ்.”

 மெடம் பார்சலை அவிழ்த்து முன்னால் நீட்டினார். அவன் ஒன்றை எடுத்துக் கடித்தான். ஆறிப்போய்த்தான் இருந்தது. ஆனால் உப்பு சரி, உறைப்பு சரி, மீனும் தாராளம். குறை சொல்ல ஓர் இடம் தேடினான், கிடைக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணினான்.